வெயில் பெற்ற பிள்ளைகள்

முட்டையைப் பார்த்தே சேவலா பெட்டையா என்று சொல்ல அம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் நம்புகிறாள் என்பதுதான் சரி. கூராக, நீளவாக்கில் இருந்தால் சேவல். உருண்டையாக இருந்தால் பெட்டை. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறாள். அவயத்துக்கு வைக்கும்போது உருண்டை முட்டைகளாகப் பொறுக்கி எடுப்பாள். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவாள். இருபத்தோரு நாள் கழித்துப் பார்த்தால், பொரிந்ததில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். "இந்தத் தடவை கண்ணு ஏமாத்திட்டு" என்பாள். எனக்குத் தெரிந்து எல்லாத் தடவையும் ஏமாற்றியிருக்கிறது.

போன மே மாதம் அம்மா சென்னைக்கு வந்திருந்தபோது, அவளையும் என் பத்து வயது மகளையும் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால். 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய இடம். பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பூங்கா, ஆராய்ச்சி நிலையம், அழிவின் விளிம்பில் இருக்கும் ஊர்வனவற்றின் இருப்புக் கிடங்கு, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. அதன் ஆங்கிலப் பேரில் பாங்க் என்று இருப்பது அதனால்தான்.

சதுப்புநில முதலைகளின் தொட்டியைச் சுற்றி நின்றோம். கரையெங்கும் ஒன்றின் மேல் ஒன்றாக, வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தன. "வெறகுக் கட்டைய அடுக்குன மாதிரி கெடக்கு" என்றாள் அம்மா. மகளுக்கு வேறு கேள்வி. அங்கே நின்ற ஊழியரிடம் போய், "அங்கிள், இதுல எது பாய், எது கேர்ள்?" என்றாள். வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம், பிடித்துக் கட்டி வாலடியில் கழிவுத் துளைக்குள் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார் அவர். இதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தன் வித்தை நினைவுக்கு வந்துவிட்டது.

"முட்டையிலயே பாத்துச் சொல்லலாமேய்யா. கூரா இருந்தா ஆணு..."

அவர் சிரித்தார். "எங்க முட்டைக்கு வடிவம் கணக்கில்லம்மா. வெயில்தான் கணக்கு."

"வெயிலா? வெயிலு எப்படிய்யா ஆணும் பொண்ணும் ஆக்கும்?"

அந்தக் கேள்விக்கு வீடு வரும் வரை காரில் பதில் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான இரண்டாம் முயற்சி.

கோழியிலிருந்தே ஆரம்பிக்கலாம். கோழிக்குஞ்சு சேவலா பெட்டையா என்பது முட்டை வெளியே வருவதற்கு முன்பே முடிவான விஷயம். உயிரணுக்களுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களில் ஒரு ஜோடி பாலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கோழியில் அவற்றுக்கு இசட், டபிள்யூ என்று பெயர். சேவலுக்கு இரண்டும் இசட். பெட்டைக்கு ஒன்று இசட், ஒன்று டபிள்யூ. தாய்க்கோழி தன் இரண்டில் எதை முட்டைக்குள் போடுகிறதோ அதைப் பொறுத்துப் பிள்ளை. நாணயம் சுண்டுவது மாதிரிதான். பாதிக்குப் பாதி விழும். அடைகாப்புப் பெட்டியில் ஒரு டிகிரி கூட வைத்தாலும் குறைய வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மனிதர்களில் இதுவே தலைகீழ். இரண்டு விதக் குரோமோசோம்களை வைத்திருப்பது ஆண். பெண் பிள்ளையாகப் பெறுகிறாள் என்று மருமகளைக் குத்திக்காட்டிய மாமியார்கள் எல்லாம் ஆளை மாற்றித் திட்டியிருக்கிறார்கள்; அந்தப் பேச்சு கோழிக்குத்தான் பொருந்தும்.

முதலைக்கு இப்படி ஒரு ஜோடி கிடையவே கிடையாது. இடும் நேரத்தில் எல்லா முட்டையும் ஒன்று. ஒவ்வொரு கருவிலும் ஆணாவதற்கு வேண்டிய குறிப்பும் இருக்கிறது, பெண்ணாவதற்கு வேண்டிய குறிப்பும் இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பது என்பதை மண்ணின் சூடு சொல்கிறது. இதை வெப்பம்சார் பால்நிர்ணயம் என்று அழைக்கலாம். எல்லா முதலை இனங்களும், எல்லாக் கடலாமைகளும், பல நன்னீர் ஆமைகளும், சில பல்லி ஓணான் வகைகளும் இந்தக் கட்சி.

இதை முதலில் கவனித்தவர் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு உயிரியலாளர். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் டக்கார் நகரில் பணியாற்றியவர். நம் ஊர் ஓணானுக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு ஓணானின் முட்டைகளைப் பொரிக்க வைத்தபோது, சூட்டுக்குத் தக்கபடி ஆண் பெண் விகிதம் மாறுவதைக் கண்டு 1966இல் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பால் என்பது கருவுறும் கணத்தில் முடிவாகும் என்பது அன்றைக்குப் பாடப்புத்தக உண்மை.

கண்டுகொள்ளாததற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஒரு பள்ளிக்கூட வாசலில் சாயங்காலம் நிற்கிறீர்கள். வெளியே வருவது எல்லாம் பெண்பிள்ளைகள். உடனே அது மகளிர் பள்ளி என்று சொல்லிவிட முடியுமா? பையன்களை உள்ளே நிறுத்தி வைத்திருக்கலாம். அதேபோல, சூடு ஆணைப் பெண்ணாக்கவில்லை. அந்தச் சூட்டில் ஆண் கருக்கள் முட்டைக்குள்ளேயே செத்துவிடுகின்றன, பிழைத்து வருவது பெண் மட்டும் என்று வாதாடலாம். வாதத்தைத் தீர்க்க ஒரே வழி எண்ணிக்கை. நூறு பிள்ளைகள் பெயர் கொடுத்த பள்ளியில் நூறும் பெண்ணாக வெளியே வந்தால் உள்ளே யாரும் இல்லை. முட்டையிலும் அதைத்தான் செய்தார்கள். வைத்த முட்டைகளில் பெரும்பாலானவை பொரிகின்றன, பொரிந்தவை அத்தனையும் ஒரே பால் என்றால், பாதி செத்துப்போயிருக்க இடமே இல்லை. மாற்றப்பட்டிருக்கிறது, வடிகட்டப்படவில்லை.

1982இல் மார்க் ஃபெர்குசன், டெட் ஜோனன் இருவரும் அமெரிக்காவின் லூசியானா சதுப்பு நிலத்தில் வாழும் அலிகேட்டர் என்ற முதலை வகையின் முட்டைகளில் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டினார்கள். 30 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் வைத்தவை எல்லாம் பெண். 34இல் வைத்தவை எல்லாம் ஆண். பிறகு ஒரு வேலை செய்தார்கள். எனக்கு இந்தப் பரிசோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். குளிர்ந்த பெட்டியிலிருந்து சூடான பெட்டிக்கும், சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கும் முட்டைகளை வெவ்வேறு நாட்களில் இடம் மாற்றினார்கள். மிகச் சீக்கிரம் மாற்றினால் புதுப் பெட்டியின் சூடு செல்லுபடியானது. மிகத் தாமதமாக மாற்றினால் பழைய பெட்டியின் முடிவே நின்றது. ஆக, முடிவெடுக்கும் காலம் என்று ஒன்று இருக்கிறது. அடைகாலத்தை மூன்றாகப் பிரித்தால் ஏறத்தாழ நடுப்பங்கு. வெப்ப உணர்வுக் காலம் என்று பெயர் வைக்கலாம். அம்மாவிடம் இதைத் தயிராகச் சொன்னேன். பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது உறை ஊற்ற வேண்டும். அந்த நேரத்துச் சூடுதான் தயிரின் தலையெழுத்து. உறைந்த பிறகு பாத்திரத்தை வெயிலில் வைத்தாலும் பனிக்கட்டியில் வைத்தாலும் அது மறுபடி பாலாகப் போவதில்லை.

இனி, வடநெம்மேலியின் சொந்தக் கதை. சதுப்புநில முதலை நம் நாட்டு நன்னீர் இனம். அமராவதி அணையிலும் சாத்தனூரிலும் கொள்ளிடக் கரையிலும் இன்றும் இருக்கிறது. பெண் முதலை பிப்ரவரி வாக்கில் கரை மண்ணில் ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, சுமார் முப்பது முட்டை இட்டு மூடும். இந்தப் பண்ணையில் ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிட்ட முதலைகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த முட்டைகளை வைத்து ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் மூவரும் ஆராய்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 28லிருந்து 31 டிகிரி வரை ஒரே சீராக வைத்தவை அத்தனையும் பெண். 32.5இல் அத்தனையும் ஆண். 31.5, 32, 33 ஆகியவற்றில் இரண்டும் கலந்து.

இந்த எண்களை மெதுவாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 31க்கும் 32.5க்கும் இடையே ஒன்றரை டிகிரி. மின்விசிறியின் வேகத்தை ஒரு எண் கூட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை போடுகிறோமே, அந்த அளவு வித்தியாசம். அதற்குள் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் எல்லாம் மகள்களாகவோ மகன்களாகவோ மாறிவிடுகிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 32.5இல் எல்லாம் ஆணாக இருந்தது, 33இல் மறுபடி பெண் தலைகாட்டுகிறது. ஆக முதலைக் குடும்பத்தில் கீழே பெண், நடுவே ஆண், மேலே மீண்டும் பெண். அதற்கும் மேலே போனால் கரு பிழைப்பதே கஷ்டம்.

இயற்கையான குழியில் இதனால் ஒரே பாலாகிவிடுவதில்லை. குழியின் மேலடுக்கு வெயிலுக்குப் பக்கம், அடியடுக்கு ஈரத்துக்குப் பக்கம். ஒரே தாயின் முட்டைகளுக்கு இடையேயே சூடு வேறுபடும். ஒரு குழி மரநிழலில், ஒன்று வெட்டவெளியில். ஒன்று மாசியில், ஒன்று பங்குனி முடிவில். கோடை மழை ஒன்று இடையில் பெய்தால் எல்லாக் கணக்கும் மாறும். எங்கே தோண்டுவது என்று தாய் எடுக்கும் முடிவுக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

தாய் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பொரியும் நாளில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்தும். அந்தச் சத்தம் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டு தண்ணீருக்குப் போய் வாய் திறந்து விடும். ஊழியர் இதைச் சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதை அவளுக்கு நினைவு வந்துவிட்டது. பிள்ளை முதலை வாயிலிருந்து உயிரோடு வெளியே வருவது முதலை வீட்டில் வருஷாவருஷம் நடக்கிறது என்பது அவளுக்குப் புதுச் செய்தியாக இல்லை, உறுதிப்பாடாக இருந்தது.

சரி, சூடு எப்படி உடம்புக்குள் முடிவாகிறது? கருவின் தொடக்கத்தில் ஒரு சிறு திசுமொட்டு இருக்கிறது. அது சூலகமாகவும் ஆகலாம், விந்தகமாகவும் ஆகலாம். இருவழி மொட்டு என்போம். அதை ஒரு பக்கமாகத் தள்ளுவதில் ஒரு நொதிக்குப் பெரிய பங்கு உண்டு. அரோமட்டேஸ் என்று பெயர். ஆண் ஹார்மோனை எடுத்துப் பெண் ஹார்மோனாக மாற்றிக் கொடுப்பது அதன் தொழில். பெண்ணை உண்டாக்கும் சூட்டில் இந்த நொதி உரிய நேரத்தில் பெருகுகிறது. ஆணை உண்டாக்கும் சூட்டில் அடங்கிக் கிடக்கிறது. இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு. சென்னையில் விடிவதற்குள் பொங்கி வழிகிறது. ஊட்டியில் மத்தியானம் வரை அசைவதில்லை. மாவில் இருக்கும் நுண்ணுயிர்களின் சுறுசுறுப்பு சூட்டைப் பொறுத்தது. மொட்டுக்குள்ளும் எந்த மரபணு சுறுசுறுப்பாகிறது, எது தூங்குகிறது என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. உவமை இதற்கு மேல் போகாது. மாவு குளிரில் மெதுவாகிறது, அவ்வளவுதான். கரு குளிரில் வேறு பாதையையே எடுக்கிறது.

ஹார்மோன்தான் திருப்புகிறது என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. டேவிட் க்ரூஸ் என்பவரின் ஆய்வகத்தில், ஆண் பிறக்க வேண்டிய சூட்டில் இருந்த ஆமை முட்டைகளின் ஓட்டின் மேல் பெண் ஹார்மோனை ஒரு சொட்டுத் தடவினார்கள். ஓட்டின் வழியே உள்ளே ஊறியது. பொரிந்தவை பெண். வெயில் செய்ய வேண்டிய வேலையை ஒரு சொட்டு மருந்து செய்துவிட்டது. அந்த ஆமை வேறு யாருமில்லை. நம் ஊர் வண்ணமீன் கடைகளில் காதோரம் சிவப்புக் கோட்டோடு விற்கிறார்களே, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி, வளர்ந்ததும் பெற்றோர் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்களே, அதுதான். (தயவுசெய்து விடாதீர்கள், அது இந்த மண்ணின் ஆமையல்ல, இங்குள்ள ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.) அதே ஆமையில் 2018இல், மற்ற மரபணுக்களின் பூட்டைத் திறந்துவிடும் மரபணு ஒன்றை அடக்கிப் பார்த்தார்கள். ஆண் சூட்டில் வைத்த கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாகத் திரும்பின. அலிகேட்டரில், சூட்டை உணரும் ஒரு புரதத்தை 2015இல் அடையாளம் கண்டார்கள். நம் தோலிலும் அதன் உறவு உண்டு. கருவின் தெர்மாமீட்டர் என்று அதைச் சொல்லலாம்.

இதெல்லாம் ஆய்வகத்து ஆர்வம் மட்டுமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1970களின் தொடக்கத்தில் தோலுக்காக வேட்டையாடி, இந்தியாவின் மூன்று முதலை இனங்களையும் ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆற்றங்கரையில் முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுவது முறை. காட்டில் விட்டால் கீரியும் உடும்பும் தின்றுவிடும் என்று பரிவோடு எடுத்துவந்து, ஒரே சூட்டில் ஒரே பெட்டியில் அத்தனையையும் பொரிக்க வைத்தால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

கடலாமையில் அப்படி நடந்தே விட்டது. ஆமைகளில் கணக்கு வேறு: குளிர்ந்தால் ஆண், சூடானால் பெண். மெக்சிகோ கரையில் மட்டும் பெருமளவில் முட்டையிடும் கெம்ப் ஆமையைக் காக்க, 1978 முதல் அதன் முட்டைகளைத் தெர்மோகோல் பெட்டிகளில் அமெரிக்காவின் டெக்சாஸுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்தார்கள். பெட்டிக்குள் மணல் குளிர்ந்திருந்தது. முதல் சில வருஷங்கள் பொரிந்தவை பெரும்பாலும் ஆண். திரும்பி வந்து முட்டையிட வேண்டியது பெண். விஷயம் புரிந்து, 80களின் நடுவில் சூட்டைக் கூட்டிய பிறகே பெண் குஞ்சுகள் வந்தன. அக்கறையில் அவர்களிடம் குறையே சொல்ல முடியாது; தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

நம் கடற்கரையிலும் பங்குனி ஆமைக்குப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் தை மாசி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் கம்பிவலைக்குள் மணலில் புதைக்கிறார்கள். விருப்பமிருந்தால் நீங்களும் கூட நடக்கலாம். பிள்ளைகளுக்குக் காலில் செருப்பில்லாத ஒரு ராத்திரி கிடைக்கும். அங்கே குழியின் ஆழம், இடம், மேலே நிழல் போடுவதா இல்லையா என்பதெல்லாம் வெறும் ஏற்பாடுகள் அல்ல. ஒவ்வொன்றும் மகன் மகள் விகிதத்தில் கை வைக்கிறது.

கடற்கரையே சூடாகிவிட்டால்? ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் பச்சை ஆமைகளைப் பிடித்து ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வந்தது. வடபகுதிக் கரைகளில் பிறந்தவற்றுள், வளர்ந்த ஆமைகளில் சுமார் 87 சதவீதம் பெண். இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல். எப்படித் தெரிந்தது என்பதைக் கேட்காமல் விடக்கூடாது. வெளியே பார்த்து இளம் ஆமையின் பாலைச் சொல்ல முடியாது என்பதால் நுண்குழாய்க் கேமராவை உள்ளே விட்டும், இரத்தத்தில் ஹார்மோனை அளந்தும் கண்டார்கள். எந்தக் கரையில் பிறந்தது என்பதை மரபணு சொன்னது. எந்தக் காலத்தில் பிறந்தது என்பதை உடலின் அளவு சொன்னது. பெரியவை பழைய வெயிலின் பிள்ளைகள், சிறியவை இன்றைய வெயிலின் பிள்ளைகள். ஒரே கடலில் நீந்தும் ஆமைகளை அளவுவாரியாக அடுக்கிப் பார்த்தாலே பத்திருபது வருஷத்து மணலின் சூட்டை வாசித்துவிடலாம்.

இவ்வளவு அபாயமான முறை ஏன் நிலைத்தது என்று மகள் கேட்டாள். 1977இல் சார்னாவ், புல் என்ற இரண்டு உயிரியலாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: சில சூட்டில் வளர்வது ஆணுக்கு நல்லது, சிலது பெண்ணுக்கு நல்லது என்றால், சூட்டைப் பார்த்துப் பாலை முடிவு செய்வது லாபம். முப்பது வருஷம் கழித்து வார்னர், ஷைன் என்ற இருவர் ஆஸ்திரேலிய ஓணான் ஒன்றில் இதைச் சோதித்தார்கள். மருந்து கொடுத்து, பெண் பிறக்க வேண்டிய சூட்டிலும் ஆணைப் பிறக்க வைத்து, வாழ்நாள் முழுக்க எத்தனை பிள்ளை பெறுகின்றன என்று எண்ணினார்கள். தனக்குரிய சூட்டில் பிறந்த ஆணே அதிகம் பெற்றது. ஓணான் சீக்கிரம் செத்துப்போகும், அதனால் எண்ண முடிந்தது. முதலையில் இதைச் செய்ய ஆராய்ச்சியாளருக்கு இரண்டு ஆயுள் வேண்டும்.

லீவு முடியும் முன் அம்மாவை ஊரில் விடப் போனோம். மகள் சும்மா இருக்கவில்லை. வீட்டுப் பின்புறம் வேம்படியில் ஒரு குழி, வெட்டவெளியில் ஒரு குழி, இரண்டும் ஒரு முழ ஆழம், தாத்தாவின் களைக்கொத்தால் தோண்டினாள். காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். அது 35க்குக் கீழே எதையும் காட்டாது என்று தெரிந்தது. பஜாரில் மீன்தொட்டித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்து புதைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தோம். வேம்படியில் 31. வெட்டவெளியில் 35.

"அப்போ மரத்தடியில பொட்டப்பிள்ள" என்றாள் அம்மா, சட்டென்று. "அங்கன?"

"அங்க ஒண்ணும் பொரிக்காது பாட்டி."

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அவயக்கோழி ஒன்று வேம்படிக் குழிக்குப் போய்க் கிளறத் தொடங்கியிருந்தது. "ஏ, சூ" என்று அதை விரட்டப் போனாள்.